மொறிஸ் மைனரின் பின்சீற்

போன கிழமை அப்பா ஒரு மொறிஸ் மைனரின் பின்சீற்றை வெட்டி எடுத்தார். பயப்பட வேண்டாம், கார் நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தச் சீற்றைச் செய்ய அவருக்குப் பதினொரு இரவு பிடித்தது என்று அம்மா இன்றைக்கும் கணக்குச் சொல்லுவா. வெட்டி எடுக்க ஒன்றரை நிமிடம் போதுமாயிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்க வாய் வரவில்லை.

ஏன் வெட்டினார் என்று சொல்வதானால் அப்பப்பாவிலிருந்து வர வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தச் சாமானுக்குப் பெயர் காடிக் கார். வெளியுலகம் ஸ்லொட் கார் என்கிறது. பலகையில் மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இரண்டு கரையிலும் செப்புப் பட்டி. காரின் மூக்குக்குக் கீழே ஒரு நாக்கு இருக்கும், அது பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். நாக்கின் இரண்டு பக்கமும் செப்புக் கம்பிப் பின்னல், அது பட்டியை உரசிக்கொண்டே போகும். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் கார் பறக்கும். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, பள்ளம் போகிற பக்கம் கார் போகும். உங்கள் கையில் இருப்பது வேகம் மட்டும். வளைவில் கூட விட்டீர்களென்றால் நாக்கு பள்ளத்தை விட்டுக் கிளம்பி, கார் அல்மாரிக்குக் கீழே போய்விடும். தச்சு வேலையில் பலகையில் இழுக்கிற பள்ளத்துக்குக் காடி என்று பெயர். அப்பப்பா தச்சர். அதனால் காடிக் கார். காடி என்றால் வினாகிரியும்தான் என்பதால் பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி பண்ணியிருக்கிறார்கள், அது வேறு கதை.

அப்பப்பா சும்மா தச்சர் இல்லை. திருகோணமலை டொக்யாட்டில் பற்றன் செய்கிறவர். இரும்பிலோ பித்தளையிலோ ஒரு பாகம் வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து, மணலில் அமத்தி அச்சு எடுக்க வேண்டும். அந்த மர உருவம்தான் பற்றன். உருக்கிய இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் அளவில் சுருங்கும். ஆகவே பற்றன் செய்கிறவரின் அடிமட்டம் உண்மையான அடியை விட ஒரு துளி நீளமாக அடிக்கப்பட்டிருக்கும். பொய் சொல்கிற அடிமட்டம் என்று அப்பா சொல்லுவார். அப்பப்பா முதல் செதுக்கிய மூன்று கார்களும் அந்தப் பொய் அடிமட்டத்தால் அளந்தவை. மரக் கார் சுருங்காது என்பது அவருக்குத் தெரியாமலா? பழக்கதோஷம். இன்றைக்கும் கலிப்பர் வைத்துப் பார்த்தால் அந்த மூன்றும் இருக்க வேண்டிய நீளத்தை விட ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. எங்கள் குடும்பத்தில் இது பெரிய விஷயம். வேறு குடும்பங்களில் காணி எல்லைக்குச் சண்டை பிடிப்பார்கள்.

பிரிட்டிஷ் கடற்படை 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதே வருடம் ஜனவரியில்தான் இங்கிலாந்தில், ஹரகேற் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில், ஸ்கேலெக்ஸ்ட்ரிக் முதன்முதலில் வெளியே வந்தது. பிரெட் பிரான்சிஸ் என்பவர் மினிமொடல்ஸ் என்ற தன் கம்பனியில் சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களை ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் 1952-லிருந்து விற்றுக்கொண்டிருந்தார். அதற்குள் மின்மோட்டரை வைத்து, இலெக்ரிக் என்ற சொல்லையும் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். அடுத்த வருடமே கம்பனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு விற்றும் விட்டார். கெட்டிக்காரன்.

அப்படி வந்த முதல் தகரக் கார்களில் ஒன்று, மசராட்டி 250எப், எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1962-ஆக இருக்க வேண்டும், அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் எஞ்சினியருக்கு ஒரு பம்பின் மூடிக்கு அவசரமாகப் பற்றன் தேவைப்பட்டதாம். அப்பப்பா ஒரே இரவில் செய்து கொடுத்திருக்கிறார். அந்த மனிசன் காசோடு சேர்த்து, கபினில் கிடந்த சிவப்புக் கார் ஒன்றையும் பிள்ளைக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். கார் வந்தது. பாதை வரவில்லை.

நினைத்துப் பாருங்கள். அடியில் ஒரு சின்னச் சக்கரத்தோடு ஒரு கார். அந்தக் காலத்துத் தகரக் கார்களில் நாக்கு இல்லை, பள்ளத்துக்குள் உருண்டபடி மின்சாரத்தையும் எடுக்கிற ஒரு சின்னச் சக்கரம்தான். இது எதிலே ஓடும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கூட வந்த காகிதமும் இல்லை. அப்பப்பா அந்தச் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்தே பாதையைக் கண்டுபிடித்தார். சாவியைப் பார்த்துப் பூட்டுச் செய்கிற மாதிரி. சக்கரம் இவ்வளவு தடிப்பு, ஆகவே காடி இவ்வளவு அகலம். சக்கரம் இவ்வளவு கீழே தொங்குகிறது, ஆகவே ஆழம் இவ்வளவு. பலகைக்குத் தேயிலைப் பெட்டி. அந்தப் பெட்டிப் பலகை மெல்லியது, அதில் காடி இழுக்க ஏலாது. அதனால் ஒரு பலகையை அடியில் வைத்து, அதன் மேல் மற்றதைக் கீலம் கீலமாக வெட்டி, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டினார். இடைவெளிதான் காடி. மின்சாரத்துக்கு முதலில் அதே தேயிலைப் பெட்டிக்குள் விரித்திருக்கும் அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்தார். இரண்டு சுற்று ஓடி, பொறி பறந்து, நின்றுவிட்டது. அலுமினியத்தின் மேல் படிகிற ஒட்சைட்டு மின்சாரத்தை விடாது. பிறகுதான் செப்புத் தகடு.

கடலுக்குப் பக்கத்தில் செப்பு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீடு வடகரை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில். உப்புக்காற்று இரண்டு நாளில் செப்பைக் கறுப்பாக்கி, ஒரு மாதத்தில் பச்சை பிடிக்க வைத்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் கார் ஓட முதல் பாதை முழுவதையும் பழப்புளியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட வேண்டும், கோயில் சாமான் மினுக்குவது போல. "குத்துவிளக்குக்குப் புளி இல்லையாம், காருக்கு இருக்காம்" என்று அப்பம்மா பேசுவாவாம். நான் இப்போதும் புளிதான் பாவிக்கிறேன். கடையில் விற்கிற மினுக்கும் பசைகள் பின்னலுக்குள் போய் அடைந்துவிடும்.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் முதல் செற்றுகளில் அமத்தினால் ஓடும், விட்டால் நிற்கும் பொத்தான்தான். அப்பப்பாவுக்கு அது காணாது. பழைய இஸ்திரிப் பெட்டியின் சுருளை ஒரு ஓட்டுத் துண்டில் சுற்றி, அதன் மேல் பித்தளை விரல் ஒன்று வழுக்குகிற மாதிரி வைத்தார். விரல் அரக்க அரக்க வேகம் கூடும். நாலு பந்தயத்துக்குப் பிறகு கைப்பிடி சுடும். அப்பாவின் வலது பெருவிரலில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஒரு கார் வைத்துப் பந்தயம் ஓட ஏலாதே. இரண்டாவது கார் வேண்டும். அங்கேதான் எங்கள் குடும்பத்துப் புத்தி வேறு பக்கம் திரும்பியது. அப்பப்பா மசராட்டியைப் பார்த்து இன்னொரு மசராட்டி செய்யவில்லை. "நான் காணாத காரை எப்பிடிச் செதுக்கிறது?" என்றாராம். டொக்யாட் வீதியில் அவர் தினமும் கண்ட கார்களைச் செய்தார். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஹில்மன், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். உலகத்தில் இந்தப் பொழுதுபோக்குக்காரர் எல்லாரும் பெராரி, லோட்டஸ், கூப்பர் என்று ஓடவிட, எங்கள் வீட்டு மேசையில் டொக்டர்மாரும் வாடகைக் கார்க்காரரும் பந்தயம் ஓடினார்கள். சித்தப்பா ஒருமுறை இ.போ.ச. பஸ் செய்து கொண்டு வந்தார். முப்பதடி பஸ்ஸை எங்கள் கார்களின் அளவான முப்பத்திரண்டில் ஒன்றாகச் செய்தால் பதினொரு அங்குலத்துக்கு மேல் வரும். முதல் வளைவிலேயே அதன் பின்பக்கம் வீசி, பக்கத்துத் தடத்தில் வந்த கேம்பிரிட்ஜைக் கீழே தள்ளிவிட்டது. நிஜ பஸ்ஸும் அப்படித்தானே போகிறது என்று சித்தப்பா வாதாடினார்.

உடம்புக்கு முள்முருக்கு. கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுகிற அதே மரம். காய்ந்தால் கடதாசி மாதிரிப் பாரமில்லை, உளிக்கு வெண்ணெய் மாதிரி. ரயருக்குப் பாட்டாச் செருப்பு. குழாயின் வாயைத் தீட்டி, அதால் செருப்பில் வட்டம் வட்டமாக அமத்தி எடுத்து, அச்சில் கோர்த்துச் சுழலவிட்டு, அரத்தாளால் உருட்டுவது. முன்பக்கம் கிளம்பாமல் இருக்க நாக்குக்குப் பக்கத்தில் வலை ஈயம், சுத்தியலால் தட்டித் தகடாக்கியது. மோட்டர் ஜப்பான் கப்பல்காரரிடம். மபுச்சி விளையாட்டு மோட்டர்கள் மூன்று நாலு வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை, பன்னிரண்டு கொடுத்தால் புகைந்துவிடும். அப்பப்பா பழைய கம்பியை அவிழ்த்து, மெல்லிய கம்பியால் கூடுதல் சுற்றுச் சுற்றுவார். 1970-க்குப் பிறகு இறக்குமதி இறுகிப்போனபோது ஊரிலே மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லையாம், முதலிலும் ஒன்றும் வாங்கியதில்லையே.

இலக்கத் தகடு ஒரு தனிக் கூத்து. 1957-ல் வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததும் இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தார் பூசினார்கள், தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், மறியல் போனார்கள். அப்பப்பா அரசாங்க உத்தியோகக்காரர். தன் கார்கள் எல்லாவற்றுக்கும் அதற்கு முந்திய ஈ.எல்., ஈ.என். இலக்கங்களையே எழுதினார். 1959-க்குப் பிறகு வந்த கேம்பிரிட்ஜுக்குமா ஈ.என். என்று ஒருவர் கேட்டதற்கு, "என்ரை கராச்சிலை அப்பிடித்தான்" என்றாராம்.

சரி, அப்பாவுக்கு வருவோம்.

அப்பா ரேடியோ திருத்துகிறவர், டவுனில் சின்னக் கடை. கையும் கண்ணும் அப்பப்பாவுடையது, பொறுமை அதை விடக் கூட. ஆனால் அவர் செய்த ஒன்பது கார்களும் ஒரு நாளும் ஓடியதில்லை. அதற்குக் காரணம் 1986-ல் ஒரு பின்னேரம். நான் பிறந்த வருடம்.

வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு லொறிப் பற்றறி, அதிலிருந்து போகிற வயர், வயரின் நுனியில் அமத்துகிற கைப்பிடி, ஒரு பெட்டி நிறையச் சின்ன மோட்டர். அந்தக் காலத்தில் அந்தச் சாமான்களைப் பார்த்தால் யாருக்கும் கார் ஞாபகத்துக்கு வராது. முதலில் வந்த ஆமிப் பொடியனுக்கு அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, ஒரு ஹில்மனைப் பாதையில் வைத்து ஓட்டியும் காட்டியிருக்கிறார். பொடியன் சிரித்துவிட்டுத் தானும் இரண்டு சுற்று ஓட்டினானாம். பிறகு வந்தவர் சிரிக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் விட்டார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தைப் பற்றி அப்பா இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு அப்பப்பாவின் கார்கள் பதினொன்றிலிருந்தும் மோட்டரைக் கழற்றினார். பால்மா ரின் ஒன்றில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றி, தேசிக்காய் மரத்தடியில் தாட்டுவிட்டார். பாதையை வெட்டிக் கோழிக்கூடு அடித்தார்.

அப்பப்பா பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஆனால் கை சும்மா இருக்குமா? இரண்டு வருடத்தில் அப்பா மறுபடி செதுக்கத் தொடங்கினார். இந்த முறை மோட்டர் இல்லாத கார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓடுகிற காடிக் காருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒன்றும் இருக்காது. மோட்டரும் பல்சக்கரமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்கு நேராக ஒரு தட்டு, அதன் மேல் நெஞ்சு வரைக்கும் மட்டும் உள்ள ஒரு ட்ரைவர். மோட்டர் போனதும் அப்பாவுக்கு முழுக் காரும் காலியாகக் கிடைத்தது. தளம் போட்டார், மிதிகட்டை போட்டார், கியர்த்தடி போட்டார். கதவின் உள்பக்கத்துக் கைபிடி போட்டார். ஊரடங்குச் சட்டத்தில் இரவுகள் நீளம். வெளியில் போக ஏலாதவர் உள்ளுக்குள் போய்க்கொண்டே இருந்தார் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டுக் கார்களைப் பார்க்க வருகிறவர்கள் "என்ன நுணுக்கம்!" என்று வாய் பிளப்பது அப்பாவின் கார்களைப் பார்த்துத்தான். அந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்த மொறிஸ் மைனரைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். முன்கண்ணாடி நடுவால் பிரிந்த பழைய மொடல். 1956-ல் அது ஒற்றைக் கண்ணாடியாக மாறிவிட்டது, ஆகவே இதற்கு ஈ.என். இலக்கம் நியாயம்தான். மைனரின் பொனற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு தட்டைப் பட்டி ஓடும், கவனித்திருப்பீர்கள். அலெக் இசிகோனிஸ் காரை வடிவமைத்து முடிந்த பிறகு ஒடுக்கமாக இருக்கிறதென்று நினைத்து, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலங்குலம் அகலமாக்கினார். அந்த நாலங்குலம்தான் பொனற்றில் தெரிகிற பட்டி. நாலங்குலத்தை முப்பத்திரண்டால் பிரித்தால் எட்டில் ஒரு அங்குலம். அப்பாவும் முதலில் ஒடுக்கமாகச் செதுக்கிவிட்டு, இரண்டாக அறுத்து, நடுவில் எட்டில் ஒரு அங்குலக் கீலம் வைத்து ஒட்டினார். இசிகோனிஸ் கதை தெரிந்துதான் அப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன். "தெரியாது, ஒடுங்கலாக் கிடந்தது, அறுத்தன்" என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முன்விளக்கு பிறஸ் பொத்தான். பின்விளக்கு அம்மாவின் கல்லுப் பொட்டு. கண்ணாடியில் திருநீற்றுக் குறி மூன்று, ஒற்றை மயிரிழையால் இழுத்தது. முன் பம்பருக்குக் கீழே கறுப்பு நூலில் தொங்குகிற தேசிக்காய் ஒரு கடுகு. கடுகு என்றால் ஏதோ ஒரு கடுகு இல்லை. தேசிக்காய் நாலு சென்ரிமீற்றர், முப்பத்திரண்டில் ஒன்று ஒன்றேகால் மில்லிமீற்றர். அந்த அளவுக் கடுகைத் தேடி, ஊசியால் துளைத்து, மஞ்சள் பூசியிருக்கிறார். துளைக்கும்போது உடைந்த கடுகுகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு அந்தப் பின்சீற். அந்தக் கார் நிஜத்தில் ஊரிலே ஒரு டொக்டரின் கார். அப்பாவுக்கு ஆறு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தபோது அந்தச் சீற்றில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். சிவப்பு றெக்சீன், இடது பக்கத்தில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள்ளால் தும்பு. காய்ச்சலோடு கிடந்த பிள்ளை வழி முழுக்க அந்தத் தும்பைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தது. 1991-ல், பழைய டயறி மட்டையின் சிவப்புத் தோலை உரித்து, தையல் வரிகளை ஊசி முனையால் அமத்தி, இடது பக்கம் கிழித்து, தேங்காய்த் தும்பை நாலாகப் பிளந்து உள்ளே சொருகினார். பதினொரு இரவு.

யாழ்ப்பாணத்து ஏ40 சோமசெற்றும் ஒன்று செய்தார். பெற்றோல் இல்லாத காலத்தில் கரபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். அதன் டாஷ்போட்டில் அந்தச் சின்னப் பெற்றோல் போத்தலும் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்பப்பா 1994-ல் போய்விட்டார். 2002-ல் யுத்தநிறுத்தம் வந்த பிறகு, ஒரு நாள் அப்பா மண்வெட்டியோடு தேசிக்காய் மரத்தடிக்குப் போனார். மெழுகு ஒரு பக்கத்தில் வெடித்திருந்தது. பதினொரு மோட்டரில் ஏழு துருக்கட்டி. நாலு சுற்றியது. எனக்குப் பதினாறு வயது, வீட்டில் காடிக் கார் ஓடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். தும்பியைப் போத்தலுக்குள் விட்ட மாதிரி ஒரு சத்தம். கூடவே அந்த மணம். மோட்டருக்குள் உரசுகிற தூரிகை பொறியடித்து, எண்ணெய் சூடாகி வருகிற மணம். ஓடியவை அப்பப்பாவின் கார்கள்தான். அப்பாவின் ஒன்பதும் கண்ணாடி அல்மாரிக்குள் நின்று பார்த்தன. 2006-ல் எல்லாம் மறுபடி பெட்டிக்குள்.

இனி நான். எனக்கு வேலை பொய்ப்பல் செய்கிற இடத்தில். வாய்க்குள் அச்செடுத்து, அக்ரிலிக்கில் வார்த்து, மினுக்கிக் கொடுப்பது. பற்றன் செய்கிறவரின் பேத்திக்கு வேறென்ன வேலை வாய்க்கும்? 2022-ல் கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் இல்லாமல் இருந்த நாட்களில், சும்மா இருக்க முடியாமல் ஒட்டுப்பலகையில் ஒரு பாதை இழுத்தேன். பற்றறியில் ஓடுகிற பொழுதுபோக்குக்கு மின்வெட்டு ஒரு தடையே இல்லை. பல்லுக்குக் கவசம் இழுக்கிற வெற்றிட மெஷினில் கார்க் கண்ணாடி என்ன அழகாக வருகிறது தெரியுமா? மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் உறிஞ்சவிட்டால் மைனரின் முன்கண்ணாடி இரண்டும் ஒரே இழுப்பில் வரும். எங்கள் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வருகிற கார்களுக்கு அடியில் காந்தம் வைத்திருக்கிறார்கள், வளைவில் பாதையை இறுக்கிப் பிடிக்கும். முழு வேகத்தில் அமத்திக்கொண்டே சுற்றலாம். அதற்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே.

தம்பியின் மகனுக்கு ஒன்பது வயது. பாதை இழுத்ததிலிருந்து ஒவ்வொரு சனியும் வந்துவிடுவான். பாதையோரத்தில் மான் வேண்டும் என்றது அவன்தான். திருகோணமலை வீதியில் மான் இல்லாவிட்டால் அது என்ன வீதி? கோட்டைக்குள் நிற்க வேண்டியதுகள் ஊருக்குள் உலாவுவதை இங்கே யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. அப்பா இரண்டு மான் செதுக்கி வளைவில் நிறுத்தினார். போன மாதம் அவன் அல்மாரிக்கு முன்னால் நின்று, "அப்பப்பா, உங்கடை கார் ஒண்டும் ஓடாதா?" என்று கேட்டுவிட்டான்.

நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. மைனரின் உடம்பைச் சிலிக்கனில் அச்செடுத்து, அக்ரிலிக்கில் ஒரு பிரதி வார்த்து, அதற்குள் மோட்டர் வைப்பது. அசலுக்கு ஒரு கீறலும் விழாது. முதல் பிரதி குமிழ் குமிழாக வந்தது. இரண்டாவது இறுகும்போது சுருங்கி, கதவுப் பக்கம் உள்ளே வளைந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அப்பப்பாவின் பொய் அடிமட்டத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது சரிவந்தது. நிறம் அடித்தேன், மோட்டர் வைத்தேன், நன்றாகவே ஓடியது. அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து மூன்று கிழமை. முதல் வேலையாகத் தன் கடைசிக் கார்களைப் பார்த்துவிட்டு, க்ரீம் என்று நினைத்து நீலம் தட்டின வெள்ளையை அடித்திருக்கிறேனே என்று தலையில் கைவைத்தவர். புதுக் கண்ணால் என் பிரதி ஆறு சுற்று ஓடுவதைப் பார்த்தார்.

"வடிவாத்தான் ஓடுது," என்றார். "ஆனா உது வேறை கார்."

அல்மாரியைத் திறந்து மைனரை எடுத்தார். மோட்டரை நீளவாக்கில் வைத்தால் முன்சீற்றும் போய்விடும், குறுக்காக வைத்தால் பின்சீற் மட்டும் போதும் என்று அளந்து பார்த்துச் சொன்னார். இதை அவர் அன்றைக்கு யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அளவு வாயில் தயாராக இருந்தது. பிறகு பிளேட்டை எடுத்தார்.

எடுத்த சீற் இப்போது தீப்பெட்டி ஒன்றுக்குள், பஞ்சின் மேல் இருக்கிறது. என்னிடம்தான் தந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் பாதையைப் புளி போட்டுத் தேய்த்தேன். கைப்பிடியைப் பொடியனிடம் கொடுக்கச் சொன்னார் அப்பா. முதல் சுற்று மெதுவாக. மைனர் நிஜ மைனர் மாதிரியே மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றில் அவனுக்குத் துணிவு வந்துவிட்டது. மூன்றாவது வளைவில், மான் நிற்கிற இடத்தில், நாக்கு கிளம்பியது. கார் மானை இடித்து, மேசையை விட்டுப் பறந்து, அம்மா மடித்து வைத்திருந்த உடுப்பின் மேல் விழுந்தது. நல்ல காலம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. அப்பா தூக்கித் திருப்பிப் பார்த்தார். நூல் இருக்கிறது, தேசிக்காய் இல்லை.

பொடியன் அழத் தொடங்கிவிட்டான். அப்பா, நான், தம்பி, மூன்று பேரும் ரோர்ச் அடித்துக்கொண்டு நிலத்தில் முழங்காலில் தவழ்ந்து தேடினோம். சிவப்புச் சீமெந்து நிலத்தில் மஞ்சள் கடுகு தெரியாமலா போகும்? தெரியவில்லை. கால் மணித்தியாலம் போயிருக்கும். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தா.

"கடுகுதானே தேடுறியள்? உள்ளுக்கை ஒரு போத்தல் கிடக்கு."